கால்வாய் மேல் போட்ட கையெழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். என் முழங்கால் வலி வருகிறது, போகிறது. போட்டோவில் நீ இளைத்திருக்கிறாய்; இல்லை என்று சாதிக்காதே.

அப்பா நகராட்சித் தலைவர் பதவியை விட்டுவிட்டார். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கால்வாயை மூடிக் கட்டிய அடுக்குமாடி உனக்கு மறந்திருக்காது. அனுமதி கொடுக்காதீர்கள் என்று சண்டை போட்டுத்தானே வீட்டை விட்டு வெளிநாடு போனாய். "நேத்து முளைச்சவன் எனக்கு ஊரைப் பத்திச் சொல்லித் தர்றானா?" என்று அவர் கத்தியதும் மறந்திருக்காது. இந்த மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் கீழ்த்தெருவில் அறுபது வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அப்பா மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆட்களை வெளியே கொண்டுவந்தார்.

நாலாம் நாள் தையற்கார அக்கா வீட்டுக்குப் போனார். முதல் தேர்தலில் அவருக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள் அவள். இரண்டு மெஷினும் சேற்றில் கிடந்தன. அவள் திட்டவில்லை. "உக்காருங்கண்ணே. நாற்காலி ஈரமா இருக்கு, பரவாயில்லையா?" என்றாளாம். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நகராட்சிக் கூட்டத்தன்று காலை கட்சிக்காரர்கள் ஓர் அறிக்கையோடு வந்தார்கள். நகராட்சிப் பொறியாளர் தப்பான வரைபடம் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று அதில் இருந்தது. அந்த மனிதருக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். உண்மையில், அங்கே கால்வாய் இருக்கிறது, கட்டக் கூடாது என்று அவர் கோப்பிலேயே எழுதியிருந்தார். அதைத் தாண்டித்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். அறிக்கையை வாசித்துவிடுவார் என்றே நினைத்தேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி எத்தனையோ தாள்களை அவர் வாசித்து நான் கேட்டிருக்கிறேன்.

பார்வையாளர் பெஞ்சில் நானும் இருந்தேன். அப்பா எழுந்தார். தாளைப் பிரிக்கவில்லை. "பொறியாளர் வேணாம்னுதான் எழுதினார். கையெழுத்து என்னோடது. இன்னியோட நான் விலகிக்கிறேன்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. அவரைக் கிழித்துத் தொங்கவிட வந்திருந்த எதிர்க்கட்சிக்காரர், எழுதி வந்ததைப் பாதியில் மடித்துவிட்டார். சாயங்காலமே அப்பாவைக் கட்சியிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். கால்வாயைத் திறக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், எப்போது திறப்பார்களோ.

வாசல் பலகையில் 'முன்னாள்' என்று சேர்க்கப் பெயிண்டர் வந்தார். இடம் போதாது, புதுப் பலகைதான் போடணும் என்றார். அப்பா சிரித்துவிட்டு, "கழட்டிடுப்பா," என்றார். ஆறு மணிக்கே எழுந்து குளித்து, சட்டை மாட்டி உட்காருகிறார். மனு கொடுக்க யாரும் வருவதில்லை. பொறியாளர் மட்டும் ஒரு நாள் வந்தார். இருவரும் ஒரு மணி நேரம் பேப்பர் படித்தார்கள்.

உன்னைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது தினமும், "அங்க இப்ப மணி என்ன?" என்கிறார். நானும் சொல்கிறேன். நேற்று, "உங்களுக்கே தெரியுமே," என்றேன். குனிந்தபடி சாதத்தைப் பிசைந்தார்.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி இருக்க வேண்டும். படித்ததும் எனக்குப் பதில் எழுதாதே. என் போனுக்கும் வேண்டாம். அவர் போனுக்குக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா