அழைப்பாணைக்குப் பயந்த கடைக்காரர்

செவ்வாய்க்கிழமை.

என் காலை முறித்த வேன்காரர் மீது வழக்குப் போட்டிருக்கிறேன். மோதியது எதிர்க்கடை ஹனிபா காக்காவின் கெமராவில் பதிவாகியிருக்கிறது. கேட்டும் அவர் தரவில்லை. சட்டத்தரணி கேட்டு, நீதிமன்றம் அவருக்கு அழைப்பாணை அனுப்பியது. அது கிடைத்ததும் இன்று காக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், நான் ஒருத்தரையும் இடிக்கல்லயே. எனக்கேன் கோட்டுக் கடதாசி?"

"உங்கள்ல குற்றமில்ல காக்கா. படத்த மட்டும் குடுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல நான் ஓடி வாறன். உங்களத் தூக்கல்ல. என்ட கோழியத் தூக்கிட்டு உள்ள போறன்."

ஊன்றுகோல் நழுவச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் துண்ட மட்டும் வெட்டலாமா?"

"வெட்டினா கோட்டுல ஏற்க மாட்டாங்க."

"பிறகு உங்களுக்குத் தண்ணி கொண்டு வந்தன். அதுவும் படத்துல வரும்தானே?"

"ஓம், வரும்."

தெளிந்த முகத்தோடு போனார். அந்தத் தண்ணீர் எனக்கு ஞாபகமே இல்லை. படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.