உப்புத் தண்ணீர் பட்ட செருப்பு

புதுச்சேரி, சனிக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரர் தோல் மண்டி வேலையாக இரண்டு நாள் இங்கே வந்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி நானும் கூட வந்தேன். பேரணாம்பட்டில் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நான் வாசற்படி தாண்டியதில்லை. இங்கே விளக்கு வைத்த பிறகுதான் ஊரே கடற்கரைக்கு வருகிறது. பேண்டு வாசிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பெண்சாதியோடு கைகோத்து நடக்கிறார்கள். முகத்தை மூடிய துப்பட்டியின் இடுக்கு வழியாக நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரோ அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா பூட்ஸ பாத்தியா? ஆட்டுத்தோலு. நம்ம ஊரு சரக்கு மாதிரியே கீது” என்றார்.

“இன்னும் கொஞ்சம் நடக்கலாங்க. இங்க நம்மள யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே அலையோரம் இறங்கினேன்.

“செருப்பு நனையுது பாரு. உப்புத் தண்ணி பட்டா தோல் வெடிச்சிடும். கழட்டு.”

கழற்றினேன். அவரே குனிந்து எடுத்தார். மணலைத் தட்டி, தன் கைக்குட்டையால் துடைத்து, கைக்கு ஒன்றாக விடுதி வரைக்கும் ஏந்திக்கொண்டு வந்தார். என் மேல் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கை சும்மா இருந்திருந்தால் நானே பிடித்திருப்பேன். இன்றைக்கு எனக்கு அவ்வளவு தைரியம் இருந்தது. ஊருக்குப் போனால் இருக்காது.

செருப்பை ஜன்னலோரம் காயவைத்துவிட்டுத் தூங்கிப்போனார். பேண்டுச் சத்தம் இன்னும் கேட்கிறது. நான் கடல் மணல் ஒட்டிய காலைக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன்.