பச்சை பிடிக்காதாம்!

நர்ஸம்மாவுக்கு,

தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. உன் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

நேற்று போனில் ஜெர்மன் டீச்சர் ஏதோ கேட்க, நீ பட்டென்று பதில் சொன்னாய். அர்த்தம் கேட்டேன். "என்ன கலர் பிடிக்கும்னு கேட்டாங்க. பச்சை பிடிக்காது, அதைவிட மஞ்சள்தான் பிடிக்கும்னு சொன்னேன்" என்றாய். கல்யாணமான புதிதில் நம் படுக்கையறைக்கு நான் ஆசையாக அடித்தது பச்சை. நான் பெயிண்டர் ஆச்சே, சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படுத்துவிட்டேன்.

காலையில் அந்தச் சுவரைப் பார்த்தபோது பெருமைதான் பொங்கியது. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்று நழுவுகிறவள் நீ. அயல் பாஷையில் துளியும் தயங்காமல் "பச்சை வேண்டாம், லீபர் மஞ்சள்" என்கிற மாதிரி போட்டு உடைத்தாயே! 'அதைவிட இதுதான்' என்கிற அந்த 'லீபர்' என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. இன்று ஜெர்மன் பரீட்சையிலும் அப்படியே பேசு. என் பெண்டாட்டியை யார் ஃபெயிலாக்குவது?

மேஸ்திரி கூப்பிடுகிறார், கிளம்புகிறேன்.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சாயங்காலம் பெயிண்ட் வாங்கி வருவேன். எந்த மஞ்சள் என்று போன் பண்ணிச் சொல். தமிழிலேயே சொல்லலாம்.