நான் பார்த்துச் சொன்ன தூரக்கண்ணாடிகள்

மச்சான்,

நேற்று என் வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். புரை எடுத்த கண். டாக்டரம்மா என் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னம்மா தெரியுது?" என்று கேட்டாள். "நடுவுல தெளிவா இருக்கு. கீழ் ஓரத்துல லேசா பனி மாதிரி ஒரு மங்கல். சன்னல் கம்பியெல்லாம் நேரா நிக்குது" என்றேன். சிரித்துவிட்டாள். யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லையாம். ஆறு வருஷம் இதே கேள்விக்கு உங்களிடம் பதில் சொல்லிப் பழகியவள் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுதக் காகிதம் தேடினேன்.

கல்யாணமாகி எட்டாம் மாதம் நீங்கள் சைகோனுக்குக் கப்பலேறினீர்கள். எனக்குப் பதினெட்டு வயது. நடுவில் யுத்தம் வந்து கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. பதின்மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து, என் முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்து அப்படிக் கூர்ந்து பார்த்தீர்கள். ஆசையில் பார்க்கிறீர்கள் என்று நினைத்து வெட்கப்பட்டு விலகினேன். கண் தெரியாமல் பார்த்தீர்கள் என்பது, மறுநாள் காலை நம் வீட்டு வாசற்படியிலேயே நீங்கள் தடுக்கி விழுந்தபோதுதான் புரிந்தது. நரம்பு பட்டுப்போகிறது, இனி திரும்பாது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார்.

சைகோனில் வேட்டைத் துப்பாக்கி விற்கும் கடையில் உங்களுக்கு வேலை. துப்பாக்கி மேல் மாட்டும் பழைய தூரக்கண்ணாடிகளைத் தரம் பார்த்து விலை சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லக் கேட்டே பழகி, நீங்கள் அதை 'லுனெத்' என்பீர்கள். காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வேட்டைச் சாமான்களையெல்லாம் விற்றார்கள். வாங்கியவர்களும் விற்றவர்களும் நம் மாடிக்குத்தான் வந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் மாதம் ஒருமுறை வருவார். நீங்கள் நல்லது என்றால் பிரித்துப் பார்க்காமலே பெட்டியில் வைப்பார்.

கை உங்களுடையது, கண் என்னுடையது. குழாயைக் கட்டைவிரலால் நீவியே, எங்கே நெளிந்திருக்கிறது, துப்பாக்கியோடு பிணைக்கும் பிடிவளையம் எங்கே கடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள். மெருகு புதிதாக இருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும். "எதையோ மூடியிருக்கான்" என்பீர்கள். அப்புறம் அதைச் சன்னலோரம் மரத்தாங்கியில் பதித்து, மாதா கோயில் உச்சிச் சிலுவையைப் பார்க்கத் திருப்பி வைப்பீர்கள்.

"என்ன தெரியுது புள்ள?"

ஒருநாள், உள்ளே குறிபார்க்கும் குறுக்குக் கம்பி நடுவில் இல்லை, இது உடைந்தது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "பழசுல மேல இருக்குற குமிழத் திருகத் திருக கம்பியும் கூடவே நகரும். அது கொறை இல்ல. திருகிட்டுத் திருப்புனா பழைய எடத்துக்கே வருதா, அதப் பாரு."

எட்டுச் சொடுக்கு முன்னே, எட்டுச் சொடுக்கு பின்னே. உங்கள் விரல் திருகும், என் கண் சிலுவையை விட்டு அகலாது. உங்கள் தோள் என் தோளில் பட்டபடி இருக்கும். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். தனியாக இருந்த பதின்மூன்று வருஷத்தில், எனக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை மச்சான். அந்தக் காலை நேரங்களுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

அதில்தான் நான் மண்ணைப் போட்டேன்.

நெரவியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் செத்துப்போயிருந்தான். அவன் பெட்டியில் ஒரு லுனெத் இருந்தது. "இது வெலைக்குப் போனாத்தான் பாய், சின்னவள கட்டிக் குடுக்க முடியும்" என்றார். குழாய் நன்றாக இருந்தது. திருகும் சரியாக வந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். உள்ளே இறகு விரித்தாற்போலப் பூஞ்சை. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசையும் ஓரத்தில் பிரிந்து மஞ்சளாகியிருந்தது. அந்த அம்மா முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெளிவா இருக்கு" என்றேன்.

"ஓரத்துல?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்சம் தயங்கினீர்கள். அப்புறம் நல்ல விலையே சொன்னீர்கள். சென்னைக்காரர் அந்த விலையைக் கொடுத்து எடுத்துப்போனார். அடுத்த மாதம் வந்தவர் அந்த லுனெத்தை உங்கள் கையிலேயே வைத்தார். "உங்க வாக்க நம்பித்தானே பாய் வாங்குனேன்?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "தப்பு என்னோடதுதாங்க" என்று சொல்லி, முழுப் பணத்தையும் நீங்களே திருப்பிக் கொடுத்தீர்கள். என் பெயரை எடுக்கவில்லை.

அவர் போன பிறகு கேட்டீர்கள். "அன்னிக்கு என்ன தெரிஞ்சுது?"

சொன்னேன்.

"அந்தம்மாவுக்குக் குடுக்கணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, குடுத்திருப்பேனே. எனக்கு வேற கண்ணு இல்ல புள்ள."

அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை. அதற்குப் பிறகு சென்னைக்காரர் ஒவ்வொன்றையும் தானே பிரித்துப் பார்த்தார். பிறகு வருவதே நின்றது. பெண்ணின் கல்யாணத்துக்கு அந்த அம்மா வந்து அழைத்தார். நாம் போனோம். பந்தியில் அவர் உங்களுக்குத் தானே பரிமாறியபோது, நீங்கள் எதுவும் காட்டிக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் இறந்துபோன அந்தக் கடைசி வருஷம் உங்களுக்கு வெளிச்சம் முழுதும் போய்விட்டது. ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டீர்கள்: "உன் மொகம் எனக்குப் பதினெட்டு வயசுலயே நிக்கிது. இப்ப எப்படி இருக்கு? உள்ளத உள்ளபடி சொல்லு."

முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. காதோரம் நரை. கன்னத்தில் மங்கு. இடது பக்கம் ஒரு பல் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும், "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டீர்கள். பெரும்பாலானவை நீங்கள் சைகோனில் இருந்தபோது வந்தவை. கடைசியில் என் கன்னத்தில் கையை வைத்து, "எல்லாம் நான் இல்லாதப்பவே நடந்திருக்கு" என்றீர்கள்.

உங்கள் முகத்தையும் நீங்கள் பல வருஷமாகப் பார்த்திருக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகச் சொல்லவும் எனக்கு அன்று தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள். இடது புருவத்தில் ஒரே ஒரு வெள்ளை முடி, மற்றதைவிட நீளமாக வெளியே வளைந்து நிற்கும். தாடி மோவாயில் அடர்ந்து, கன்னத்தில் கலைந்திருக்கும். நெற்றியில் தொழுத தழும்பு. நான் படியேறி வரும் சத்தம் கேட்டால், தலை திரும்புவதற்கு முன்னாலேயே உதடு சிரிக்கத் தொடங்கிவிடும். பார்க்க நன்றாக இருப்பீர்கள், மச்சான். ரொம்ப நன்றாக இருப்பீர்கள்.