கருப்பட்டிக்குள் வைத்த குளிசை

அன்பான ஜெயராஜ் மச்சான்,

உன் கல்லறையில் நான் நட்ட குரோட்டன் துளிர்த்துவிட்டது. அதைப் பிடுங்கி எறியத்தான் நேற்று வந்தேன். கை வரவில்லை. அதனால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்த ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் எத்தனை வருடம் மருந்து கொடுத்தாய்! என் தங்கச்சி செல்லத்துக்குப் புத்தி வளரவில்லை என்று லயத்து வீடுகளெல்லாம் சிரித்தபோது, அவளுக்குக் கதிரை போட்டு உட்கார வைத்தவன் நீ ஒருவன்தான். அந்த ஒரு கதிரைக்காக உன்னை நம்பினேன்.

"விட்டமின் குளிசை மச்சான். கருப்பட்டிக்குள்ள வச்சுக் குடு, தெரியாம முழுங்கிருவா" என்றாய்.

கடைச் சாமான் சுற்றிவந்த பேப்பரைப் பார்த்தே எழுத்துக் கற்றவன் நான். சோப்பு உறையைக்கூட வாசிக்காமல் எறியமாட்டேன். உன் பொட்டலத்தில் 'காலை 1' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதை மட்டும் ஏன் கேட்காமல் விட்டேன்?

நீ போன பிறகு வந்த டாக்டரம்மா மீதிக் குளிசையைப் பார்த்தார். உன் பழைய பதிவேட்டையும் புரட்டினார். "ஐயா, இது விட்டமின் இல்ல. ஆள அமத்தி வைக்கிற மருந்து. என்ன நோய் வருத்தத்துக்குன்னு ஒன்னும் எழுதல்ல. 'சத்தம்'னு மட்டும் இருக்கு" என்றார்.

சத்தமா? விடியப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆள் கூடும்போது அவள் பாடிய பாட்டு மச்சான் அது! தோட்டத்துத் தொரை முறையிட்டாரா, நீயாகவே செய்தாயா? பாட்டு நின்றபோது, அவளுக்கு வயசாகிவிட்டது என்றல்லவா நினைத்தேன்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "செல்லம், இத ஒரேயடியா நிப்பாட்டினா ஒங்களுக்குக் கஷ்டம். கொஞ்சங்கொஞ்சமாக் கொறைப்போம். குடிப்பீங்களா?"

செல்லம் என்னைப் பார்த்தாள். "கருப்பட்டிக்குள்ளயா வச்ச?"

"ஆமா."

"நீ கள்ளன் அண்ணே."

அன்றிலிருந்து என் கையால் தேத்தண்ணிகூட வாங்கவில்லை. குளிசையைத் துப்பினாள். கை கால் நடுங்கியது. பக்கத்து வீட்டு மேரி, "பழையபடி ஒளிச்சே குடுங்களேன் மாமா, அவளுக்கு என்னா வெளங்கப்போகுது?" என்றாள்.

"வெளங்குனதாலதான் துப்புறா" என்றேன்.

தினமும் ஒரு கையில் கருப்பட்டி, மறு கையில் குளிசை என்று விரித்துக் காட்டி, எது எதற்கென்று சொல்லிவந்தேன். இன்று காலை கருப்பட்டியை எடுத்தாள். இரண்டாக உடைத்து உள்ளே பார்த்தாள். ஒரு துண்டை என் வாயில் திணித்து, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் குளிசையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

குரோட்டனுக்குத் தண்ணீர் ஊற்ற வருவேன் மச்சான். மன்னிப்புக் கொண்டுவர மாட்டேன். அது அவளுடையது. அவளைக் கேட்காமல் அவளுடைய எதையும் இனி யாருக்கும் கொடுப்பதில்லை.

உன் பொட்டலத்தில் என்னவென்று கேட்காத மச்சான்,
ஆறுமுகம்