நந்தியாவட்டைப் புழு

தமிழ்மொழி நைனாவுக்கு,

அவலூர்பேட்டையில் அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், பார்க்கப் போகிறேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன். குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டு உண்ணாமலை கறிவேப்பிலைக்கு வருவாள், ஒடித்துக் கொடுங்கள்.

விருந்தாளிக்கென்று வைத்திருந்த வெள்ளை பெட்ஷீட்டைத் தோட்டத்தில் கட்டி, லைட் போட்டுப் பூச்சி பிடித்தீர்களே, அதற்கு நேற்று நான் கத்தியது கத்தியதுதான். கறை இன்னும் போகவில்லை.

ஆனால் காலையில் பூப்பறிக்கும்போது நந்தியாவட்டையில் ஒரு பச்சைப் புழு. விரல் தடிமன், தலைக்குப் பின்னால் நீலக் கண் போல இரண்டு பொட்டு. வழக்கம்போல் கோழிக்குப் போடத்தான் எடுத்தேன். அது என்னையே பார்ப்பது போலிருந்தது. போட்டோ எடுத்து நம் மகள் தமிழ்மொழிக்கு அனுப்பினேன். உடனே போன் செய்துவிட்டாள்.

"யம்மா, நைனா மூணு வருஷமா லைட்டு போட்டு காத்துகினு இருக்குதே, அந்தப் பச்சை அந்துப்பூச்சி இதுலேர்ந்துதாம்மா வரும்!"

அப்படியென்றால் வருஷா வருஷம் அது நம் கோழி வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது.

புழுவைச் செடியிலேயே விட்டுவிட்டேன். கீழே கூட்டாதீர்கள், கொத்தாதீர்கள். சருகுக்குள்தான் கூடு கட்டுமாம்.

கோழியைத் திறந்துவிட வேண்டாம். கத்தினால் கத்தட்டும்.

இன்னொன்று. இலையெல்லாம் தின்று செடியை மொட்டையடித்தாலும் புழுவை விரட்டாதீர்கள். சாமிக்குப் பூ கடைத்தெருவில் வாங்கிக்கொள்கிறேன். பெட்ஷீட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். விருந்தாளி வரும்வரை அது உங்களிடமே இருக்கட்டும்.