போர்நூல் வாசித்த சனிக்கிழமைகள்

அண்ணி,

இன்று கடலூர் பஸ் நிலையத்தருகே பழைய புத்தகக் கடையில் அந்தச் சீனப் போர்நூலைப் பார்த்தேன். வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டது காதில் விழவே நேரமாயிற்று.

உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அதைத் தமிழில் தேடி வாங்கிச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். வங்கி மேலாளராக இருந்தபோது எவருக்கும் பணியாத நீங்கள் நோய்க்கும் பணியக் கூடாது என்று நினைத்தேன். மருந்து ஏற ஏற உங்களுக்குக் கண் கூசியது. என்னையே வாசிக்கச் சொன்னீர்கள். சனிக்கிழமைதோறும் வந்து படை, வேவு, முற்றுகை என்று உரக்க வாசிப்பேன். அண்ணன் கஞ்சியோடு வந்து, எந்த நாட்டின் மேல் படையெடுக்கிறீர்கள் என்று கேலி செய்வார்.

எப்போது போரிடக் கூடாது என்று சொல்லும் பகுதியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மருந்துக்குப் போகவேண்டிய காலையில், கார் வாசலில் நிற்க, நீங்கள் வரவில்லை என்றீர்கள். மருத்துவரிடம் பேசியாயிற்றாம்; இனி வலிக்கு மட்டுந்தான் மருந்தாம். அண்ணன் செருப்புக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பயந்துட்டீங்களா அண்ணி?" என்றேன்.

"பயம் இல்லாம இல்ல கலா. இதுக்கு மேல குடுத்தாலும் ஜாஸ்தி நாள் கெடைக்காதுன்னுட்டாரு டாக்டரு. இருக்கற நாள ஆஸ்பத்திரில வுட்டுட்டு வர மாட்டேன்."

நான் வாங்கித் தந்த புத்தகமே உங்களைக் கொல்லப்போகிறது என்று பஸ்ஸில் அழுதபடி ஊர் திரும்பினேன்.

மருந்து நின்றதும் உங்கள் தலையில் பூனைமயிர் போல முடி துளிர்த்தது. நாங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, திருவந்திபுரம் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னீர்கள். அங்கே போய் அந்த முடியையும் இறக்கிவிட்டீர்கள். மழிக்க வந்தவரே தயங்கினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போன தடவ மருந்து எடுத்துக்கிச்சு. இது நானா குடுக்கறது" என்றீர்கள்.

மழைக்காலம் முடியுமுன், உங்கள் கட்டிலில், அண்ணன் கையைப் பிடித்தபடி போய்விட்டீர்கள்.

புத்தகத்தை வாங்காமல் வந்துவிட்டேன். நீங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது, 'தைரியமாகப் போராடுங்கள்' என்று சொல்ல வாய் வருவதில்லை. என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பயத்தோடே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.